அமிலக் கழிவுநீர் ஆவியாக்கலை சிமுலேட் செய்ய எது? எக்செல், ஃப்ரீக்-சி, ஆஸ்பென், ஓஎல்ஐ ஓர் ஒப்பீடு

கால்வனைசிங், கம்பி இழுப்பு, முலாம் பூச்சு, நிறமி உற்பத்தி ஆலைகளுக்கு ஆவியாக்கி வடிவமைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “எந்த மென்பொருளில் சிமுலேட் செய்வது? இலவசமானது போதுமா, லைசென்ஸ் வாங்கியே ஆக வேண்டுமா?” பதில் உங்கள் நீரில் எந்தெந்த அமிலங்கள் கலந்திருக்கின்றன என்பதில் இருக்கிறது. வெறும் கந்தக அமிலம் என்றால் எக்செலே ஏறக்குறைய போதும். அதில் கொஞ்சம் குளோரைடோ ஃபுளோரைடோ சேர்ந்தால் கதை மாறுகிறது.

திருப்பூர் சாயக் கழிவுநீரில் எவாப்பரேட்டர் ஓட்டிக் கற்ற கணக்குகளை அப்படியே இங்கே கொண்டுவருவது தமிழ்நாட்டில் பரவலாக நடக்கும் தவறு. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டபின் அங்கே வளர்ந்த அனுபவம் உப்பு நீரைப் பற்றியது. உப்பு ஆவியோடு போகாது. ஹெச்சிஎல் (ஹைட்ரோகுளோரிக் அமிலம்), ஹெச்எஃப் (ஹைட்ரோஃபுளோரிக் அமிலம்) போன்ற அமிலங்கள் போகும்.

நான்கையும் ஒரே நீரில் நிறுத்திப் பார்க்க, இப்படி ஒரு மாதிரி ஓடையை, அதாவது ஆவியாக்கிக்குள் வரும் கழிவுநீரை, வைத்துக்கொள்வோம்: மணிக்கு 5,000 கிலோ, கந்தக அமிலம் 1%, ஹெச்சிஎல் 0.2%, கால்சியம் லிட்டருக்கு 300 மி.கி. இதை 20 மடங்கு அடர்த்தியாக்க வேண்டும். 4,750 கிலோ நீர் ஆவியாகும். 250 கிலோ அடர்நீர் மிஞ்சும். அதில் கந்தக அமிலம் 20%. ஹெச்சிஎல் முழுக்க உள்ளேயே தங்கினால் 4%.

## முதலில் அளவுகோல்கள்

ஆவியில் எவ்வளவு அமிலம்? இதுதான் முதல் கேள்வி. மாதிரி ஓடையில் மணிக்கு 10 கிலோ ஹெச்சிஎல் வருகிறது. அதில் 1% ஆவியோடு போனால் கண்டன்சேட்டில் (ஆவி குளிர்ந்து கிடைக்கும் நீரில்) லிட்டருக்கு 21 மி.கி., பிஹெச் 3.2. 10% போனால் 210 மி.கி., பிஹெச் 2.2. அந்த ஒரு கிலோவை நடுநிலையாக்க 1.1 கிலோ காஸ்டிக் (சோடியம் ஹைட்ராக்சைடு) போதும். அது ஒரு செலவே இல்லை. அடி விழுவது ஆவிக் குழாய், கண்டன்சர், எம்விஆர் (வெளிவரும் ஆவியையே அழுத்திச் சூடேற்றி மீண்டும் பயன்படுத்தும் முறை) விசிறி ஆகியவற்றின் உலோகத்தில். சூடான, குளோரைடு கலந்த அமிலத் துளி முதலில் படியும் இடத்தில் 316எல் துருப்பிடிக்கா எஃகு நிற்காது. ஆகவே இந்த ஓர் எண் தவறினால் உபகரண விலைப்புள்ளியே தவறிவிடும்.

எது, எங்கே படியும்? கால்சியம் சல்ஃபேட் சூடேறினால் கரைதிறன் குறையும் உப்பு. அமிலம் கூடினால் பைசல்ஃபேட் உருவாவதால் கரைதிறன் ஏறும். இவை இரண்டும் எதிரெதிராக இழுக்கின்றன. முடிவைக் கையால் ஊகிக்க முடியாது.

கொதிநிலை உயர்வு. வளிமண்டல அழுத்தத்தில் 20% கந்தக அமிலம் சுமார் 105 டிகிரியில் கொதிக்கும். 40% சுமார் 114இல். 50% சுமார் 124இல். நீராவியில் ஓடும் எஃபெக்ட்டுகளுக்கு (ஒன்றன் ஆவி அடுத்ததைச் சூடாக்கும் ஆவியாக்கிக் கட்டங்களுக்கு) இது தாங்கும். ஆனால் நிறைவுநிலை வெப்பத்தை 7 டிகிரி மட்டும் உயர்த்தும் ஒற்றை விசிறி எம்விஆருக்கு 5 டிகிரி உயர்வு என்பது கிட்டத்தட்ட மரண தண்டனை. வெப்பப் பரிமாற்றத்துக்கு மிஞ்சுவது 2 டிகிரிதான்.

தரவுத் தேவை, காசு, கற்கும் காலம். இவை கடைசியில். லைசென்ஸ் விலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் பின்னால் ஆய்வக அறிக்கைக்கும் திருத்தத்துக்கும் செலவழிப்பார்கள்.

## எக்செல்

குறைத்து மதிப்பிட வேண்டாம். 70%க்குக் கீழே கந்தக அமிலத்தின் மேல் நிற்கும் ஆவி நடைமுறையில் வெறும் நீராவிதான். எனவே குளோரைடு, நைட்ரேட், ஃபுளோரைடு இல்லாத ஓடையில் ஆவிப் பக்கக் கேள்வியே எழாது. மிஞ்சுவது பொருள் சமநிலை, வெப்பச் சமநிலை, அட்டவணையிலிருந்து எடுத்த கொதிநிலை.

மாதிரி ஓடையின் வெப்பக் கணக்கு: 30 டிகிரியிலிருந்து 100க்குச் சூடாக்க 5,000 × 4.18 × 70, அதாவது மணிக்கு சுமார் 1,460 மெகாஜூல். ஆவியாக்க 4,750 × 2,257, சுமார் 10,720 மெகாஜூல். 4 பார் தனி அழுத்த நீராவியின் மறைவெப்பம் கிலோவுக்கு 2,133 கிலோஜூல். ஒற்றை எஃபெக்ட்டுக்கு மணிக்கு 5.7 டன் நீராவி. ஃபீடை (உள்ளே வரும் நீரை) கண்டன்சேட்டால் முழுக்கச் சூடாக்கிக்கொண்டால் 5 டன். இந்த எண்ணைப் பெற எந்த லைசென்ஸும் வேண்டாம். விலை உயர்ந்த மென்பொருள் கொடுக்கும் பதிலும் இதிலிருந்து வெகுதூரம் விலகாது. விலகினால் உள்ளீட்டில் கோளாறு.

கால்சியத்திலும் ஒரு பாதி பதில் கிடைக்கும். மணிக்கு 1.5 கிலோ கால்சியம் முழுக்கப் படிந்தால் 5.1 கிலோ நீரற்ற கால்சியம் சல்ஃபேட், நாளுக்கு 122 கிலோ. எவ்வளவு விழும் என்று எக்செல் சொல்லிவிட்டது. ப்ரீஹீட்டரிலேயே விழத் தொடங்குமா, கடைசி எஃபெக்ட்டிலா என்று சொல்லாது.

மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு: ஹெச்சிஎல்லை “உப்பு மாதிரி உள்ளேயே தங்கும்” என்று ஒரு கலத்தில் எழுதிவிட்டால், அந்தக் கலத்தைப் பிறகு யாரும் திறந்து பார்ப்பதில்லை.

## ஃப்ரீக்-சி

அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் (யுஎஸ்ஜிஎஸ்) இலவசமாகத் தரும் நிலத்தடி நீர் வேதியியல் நிரல். படிவுக் கேள்விக்கு இதைப் போல விலைக்கு மதிப்பானது வேறில்லை. நீரை மோல் கணக்கில் படிப்படியாக வெளியே எடுக்கச் சொன்னால், எந்தப் படியில் ஜிப்சம் அல்லது அன்ஹைட்ரைட் (கால்சியம் சல்ஃபேட்டின் இரு படிக வடிவங்கள்) நிறைவுநிலையைக் கடக்கிறது என்று காட்டும். ஒரு கிலோ நீரில் 55.5 மோல், நம் ஓடையின் நீரில் 96.2% போக வேண்டும் என்பதால் 53.4 மோல் எடுக்க வேண்டும். இதைச் சம அளவுப் படிகளாகப் பிரித்தால் கடைசி ஓரிரு படிகளில் அடர்த்தி எகிறி, நிரல் ஒருங்காமல் (விடைக்கு வந்து சேராமல்) நின்றுவிடும். முதல் 45 மோலைப் பெரிய படிகளாகவும் மீதியைச் சிறு படிகளாகவும் கொடுங்கள்.

தரவுக் கோப்பைத் தேர்ந்தெடுப்பதில்தான் சிக்கல். வழக்கமான ஃப்ரீக்-சி கோப்பில் அலுமினியம்-ஃபுளோரைடு, இரும்பு-ஃபுளோரைடு அணைவுகள் உண்டு. ஆனால் அயனிச் செறிவு கடல்நீர் அளவைத் தாண்டினால் அதை நம்ப முடியாது. பிட்சர் கோப்பு அடர்கரைசலைத் தாங்கும். அதில் அலுமினியமும் ஃபுளோரைடும் இல்லை. நம் அடர்நீரில் கந்தக அமிலமே ஒரு கிலோ நீருக்கு 2.7 மோல், ஹெச்சிஎல் 1.4 மோல் வரை. ஆகவே பிட்சர்தான் வழி. துருநீக்கும் ஹெச்எஃப் கலவை என்றால் இரண்டு கோப்புமே கைவிடும். பிட்சரிலும் எல்லா அயனி ஜோடிகளுக்கும் வெப்பநிலைக் கெழுக்கள் கிடையாது. 25 டிகிரியில் சரியாகச் சொல்வது 100 டிகிரியில் ஊகமாகலாம்.

இன்னொன்று. நீரை மட்டும் வெளியே எடுக்கச் சொன்னால் அது நீரை மட்டுமே எடுக்கும். ஹெச்சிஎல் முழுக்க உள்ளேயே நிற்கும். ஆவியில் அமிலம் வேண்டுமென்றால் வாயுக் கட்டத்தைத் தனியாக வரையறுத்து, ஹெச்சிஎல் வாயுச் சமநிலை உங்கள் கோப்பில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையேல் நீங்களே எழுத வேண்டும். பைத்தானில் பழக்கம் உள்ளவர்கள் ரியாக்டோரோ நூலகம் வழியாக இதே தரவுக் கோப்புகளை ஓட்டலாம். பல எஃபெக்ட்டுகளைக் கோர்ப்பது அதில் எளிது.

## ஆஸ்பென் பிளஸ்

நீராவி, கம்ப்ரஸர், பல எஃபெக்ட், கண்டன்சர் என்று முழு ஆலையையும் ஒரே தாளில் பார்க்க வேண்டுமானால் இதுதான். மின்பகுளி என்ஆர்டிஎல் (அயனிக் கரைசல்களுக்கான கணக்கீட்டு மாதிரி) முறையில் ஹெச்சிஎல், கந்தக அமிலம் இரண்டுக்கும் நல்ல தரவு உண்டு. பல கல்லூரிகளில் லைசென்ஸ் இருக்கிறது என்பது கூடுதல் வசதி.

ஆனால் தவறான பதிலையும் அழகாக ஒருங்கவைத்துக் காட்டும் மென்பொருள் இது. பின்வருபவை மறுபடி மறுபடி நடக்கும்.

- வேதியியல் இணைக்கப்படாத பிளாக். எலக்ட்ரோலைட் விஸார்டை ஓட்டிவிட்டு, ஃப்ளாஷ் பிளாக்கில் (ஆவியையும் திரவத்தையும் சமநிலையில் பிரிக்கும் கட்டத்தில்) கெமிஸ்ட்ரியை இணைக்காமல் விட்டால் ஹெச்சிஎல் மூலக்கூறாகவே நிற்கும். முழுக்க ஆவியில் பறந்துவிடும். கண்டன்சேட்டில் மணிக்கு 10 கிலோ என்று வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.
- ஹென்றி கூறு. ஹெச்சிஎல்லின் மாறுநிலை வெப்பம் 51.5 டிகிரி. 100 டிகிரியில் அதற்கு ஆவியழுத்தம் என்பதே இல்லை. நீட்டிக் கணக்கிட்ட எண் பொருளற்றது. அதை ஹென்றி கூறாக (நீரில் கரைந்த வாயுவாகக் கணக்கிடப்படும் பொருளாக) அறிவித்தாக வேண்டும். விஸார்டு வழியாகப் போனால் தானாக நடக்கும். பின்னால் கையால் சேர்த்த கூறுகளில் விட்டுப்போகும்.
- காலி ஜோடிகள். தரவு இல்லாத நீர்-உப்பு ஜோடிக்கு மென்பொருள் 8, −4 என்ற இயல்பு மதிப்புகளை எடுத்துக்கொள்ளும். எச்சரிக்கை எதுவும் பெரிதாக வராது. உங்கள் முக்கிய அயனிகளில் எந்த ஜோடி காலி என்று அட்டவணையைத் திறந்து பார்ப்பது கட்டாயம்.
- தோற்றக் கூறு. சோடியம், ஹைட்ரஜன், குளோரைடு, சல்ஃபேட் நான்கும் உள்ள நீரை “ஹெச்சிஎல்லும் சோடியம் சல்ஃபேட்டும்” என்றும் எழுதலாம், “உப்பும் கந்தக அமிலமும்” என்றும் எழுதலாம். இரண்டும் ஒரே நீர். தோற்றக் கூறு முறையில் அறிக்கை எடுத்தால் எதைக் காட்டும் என்பது உங்கள் கையில் இல்லை. கலவை அமிலத்துக்கு அயனிகளையே தனித்தனியாகக் காட்டும் மெய்க்கூறு முறையே பாதுகாப்பு.
- சுழற்சி வளையம். கட்டாயச் சுழற்சி ஆவியாக்கியில் வளையத்தை அப்படியே ரீசைக்கிளாக வரைய வேண்டாம். ஒற்றை எஃபெக்ட்டில் 3 டிகிரி உயர்வுக்கு மணிக்குச் சுமார் 1,000 டன் சுழல வேண்டும்; உள்ளே வருவது 5 டன். உப்புப் படிவும் சேர்ந்தால் அந்த வளையம் ஒருங்காது. ஒரே ஃப்ளாஷாக வையுங்கள். சுழற்சி அளவைத் தாளில் போடுங்கள்.

கடைசிக் குறிப்பில் ஒரு பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது. ஒற்றை ஃப்ளாஷில் முழு 4,750 கிலோ ஆவியும் 20% அமிலத்தோடு சமநிலையில் வெளியேறுகிறது. நீர் முதல் எஃபெக்ட்டிலிருந்து கடைசிவரை வரிசையாகச் செல்லும் முன்னோட்ட மூன்று எஃபெக்ட்டில் அப்படி இல்லை. எஃபெக்டுக்குச் சம ஆவி என்று கொண்டால், முதலாவதன் முடிவில் கந்தக அமிலம் 1.5%தான், இரண்டாவதில் 2.7%, மூன்றாவது மட்டுமே 20% பார்க்கிறது. கந்தக அமிலம் கூடக் கூட நீரைத் தன்பக்கம் பிடித்துக்கொண்டு ஹெச்சிஎல்லை வெளியே தள்ளும். அமிலத் தொழிற்சாலைகளில் ஹெச்சிஎல்லின் 20.2% கொதிமாறாக் கலவையை (ஆவியும் திரவமும் ஒரே கலவையாக இருப்பதால் வடித்துப் பிரிக்க முடியாதது) உடைக்க இதே உத்தியைத்தான் பயன்படுத்துகிறார்கள். எனவே மூன்று எஃபெக்ட்டில் மூன்றில் ஒரு பங்கு கண்டன்சேட் மட்டும் கெட்டது; மற்றது ஓரளவு சுத்தம். ஒற்றை ஃப்ளாஷில் சிமுலேட் செய்துவிட்டு மூன்று எஃபெக்ட் விலைப்புள்ளி கேட்டால், எல்லாக் கண்டன்சர்களுக்கும் கிராஃபைட் விலை கொடுக்க நேரும்.

எம்விஆர் பக்கம் சாய்பவர்களுக்கும் இதே பிரிப்பு உதவும். 2.7% வரை கொதிநிலை உயர்வு மிகக் குறைவு. அதுவரை எம்விஆர், அதற்குமேல் சிறிய நீராவி ஃபினிஷர் (கடைசி அடர்த்தியை எட்டும் ஆவியாக்கி).

## ஓஎல்ஐ

அடர் அமிலம், பல உலோகங்கள், ஃபுளோரைடு, படிவு எல்லாம் சேர்ந்த ஓடைக்கு, அயனிக் கரைசல்களுக்கென்றே உள்ள இந்த வணிக மென்பொருளைத்தான் முதலில் பரிந்துரைப்போம். இதில் இரண்டு சட்டகங்கள்: அக்வியஸ் (ஏக்யூ), எம்எஸ்இ. முதலாவது 30 மோலால் அயனிச் செறிவு வரை. எம்எஸ்இ நீர்த்த கரைசலில் தொடங்கித் தூய அமிலம் வரை போகும். அமில அடர்த்திக்கு எம்எஸ்இயைத் தேர்ந்தெடுங்கள். கொதிநிலை, ஆவிக் கலவை, படியும் திண்மம், உலோகத்தின் அரிப்புப் போக்கு ஆகியவை ஒரே சூழலில் கிடைக்கும்.

பொறி ஒன்று: ஆய்வக அறிக்கையை உள்ளிடும்போது பிஹெச்சைச் சரிக்கட்டச் சொன்னால், அமிலம் சேர்க்க அது இயல்பாக எடுப்பது ஹெச்சிஎல். கந்தக அமில ஓடைக்கு இப்படிச் செய்தால், இல்லாத குளோரைடை நீங்களே ஊற்றிவிட்டு, பின் அதே குளோரைடுக்குப் பயந்து ஹாஸ்டெலாய் (விலை உயர்ந்த நிக்கல் கலப்புலோகம்) விலை கேட்பீர்கள். சரிக்கட்டும் அமிலத்தைக் கந்தக அமிலமாக மாற்றிவிடுங்கள்.

நீராவி வலைப்பின்னல், கம்ப்ரஸர் வேலைகளில் தனி ஓஎல்ஐ கொஞ்சம் சுருக்கமானது. ஆஸ்பெனுக்குள் ஓஎல்ஐயின் வேதியியலைச் செருகிப் பயன்படுத்தும் வழி உண்டு. இரண்டு லைசென்ஸ் செலவு. கன்சல்டன்ட் ஒருவர் ஏற்கெனவே வைத்திருந்தால் ஓடைக்கு இவ்வளவு என்று கட்டணம் கொடுத்து ஓட்டிக்கொள்வது சிறு ஆலைக்குப் போதும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | எக்செல் | ஃப்ரீக்-சி | ஆஸ்பென் | ஓஎல்ஐ |
|---|---|---|---|---|
| ஆவியில் ஹெச்சிஎல் | முடியாது | நீங்களே அமைக்க வேண்டும் | நன்று, சோதித்தபின் | மிக நன்று |
| ஃபுளோரைடு + அலுமினியம், இரும்பு | முடியாது | நீர்த்த நிலையில் மட்டும் | ஜோடித் தரவைப் பொறுத்து | நன்று |
| கால்சியம் சல்ஃபேட் படிவு | மொத்த அளவு மட்டும் | நன்று | நடுத்தரம் | மிக நன்று |
| நீராவி, எம்விஆர், பல எஃபெக்ட் | ஓரளவு | இல்லை | மிக நன்று | நடுத்தரம் |
| லைசென்ஸ் | இருப்பதே | இலவசம் | ஆண்டுக் கட்டணம் | ஆண்டுக் கட்டணம் |
| மறைந்த செலவு | எழுதப்படாத அனுமானங்கள் | தரவுக் கோப்பைத் திருத்தும் வேலை | தவறை மறைக்கும் ஒருங்கல் | வேதியியல் தெரிந்த ஆள் |

கந்தக அமிலம் மட்டும், கால்சியம் குறைவு: எக்செல். கந்தக அமிலம், கால்சியம் அதிகம், குளோரைடு இல்லை: எக்செலோடு ஃப்ரீக்-சி. குளோரைடு கலந்து பல எஃபெக்ட் அல்லது எம்விஆர்: ஆஸ்பென். நைட்ரிக்-ஹெச்எஃப் துருநீக்கக் கழிவு என்றால் ஓஎல்ஐக்குக் கீழே இறங்க வேண்டாம். பலமான அமிலத்தில் ஃபுளோரைடு ஏறக்குறைய முழுதும் ஹெச்எஃப் ஆகவே நிற்கும்; அதை எவ்வளவு பிடித்துவைப்பது என்பது இரும்பு, அலுமினிய அணைவுகளின் வேலை. டைட்டானியம் போடலாம் என்ற எண்ணமும் ஃபுளோரைடு இருந்தால் அங்கேயே முடிகிறது.

## எதைத் தேர்ந்தாலும் முதலில் செய்ய வேண்டியவை

உங்கள் ஓடையை ஓட்டுமுன் இரண்டு தெரிந்த பதில்களைக் கேளுங்கள். 1 வளிமண்டலத்தில் 20, 40, 50% கந்தக அமிலத்தின் கொதிநிலை 105, 114, 124க்கு ஓரிரு டிகிரிக்குள் வருகிறதா? ஹெச்சிஎல்-நீர் கொதிமாறாக் கலவை 20.2%, 108.6 டிகிரியில் வருகிறதா? இரண்டாவது வரவில்லை என்றால் அந்தக் கோப்பைக் கொண்டு கண்டன்சேட் பற்றிப் பேசக் கூடாது.

ஃபீட் தரவில் பிஹெச்சை அமில அளவாகக் கொடுக்காதீர்கள். பிஹெச் 1க்குக் கீழே மீட்டர் 0.1 பிசகினால் ஹைட்ரஜன் அயனி 26% பிசகும். காஸ்டிக்கால் டைட்ரேட் செய்த மொத்த அமிலத்தைக் கொடுங்கள். இரும்பு, அலுமினியம் இருந்தால் அவையும் காஸ்டிக்கைத் தின்னும் என்பதால் அந்தப் பங்கைக் கழியுங்கள். மின்சுமைச் சமநிலை முடியவில்லை என்றால் எந்த அயனியைக் கூட்டிக் குறைத்தீர்கள் என்று எழுதிவையுங்கள். ஹைட்ரஜன் அயனியில் சரிக்கட்டினால் அமிலம் மாறும், குளோரைடில் சரிக்கட்டினால் கண்டன்சேட் மாறும்.

ஆவி தன்னோடு திரவத் துளிகளை எடுத்துப்போவதை எந்த மென்பொருளும் தானாகக் கணக்கிடாது. ஆவியின் எடையில் 0.1% அளவு 20% அமிலத் துளி போனாலே கண்டன்சேட்டில் லிட்டருக்கு 200 மி.கி. கந்தக அமிலம், பிஹெச் 2.4. கண்டன்சேட்டில் சல்ஃபேட் தெரிந்தால் அது துளி. குளோரைடு மட்டும் தெரிந்தால் அது ஆவி. ஆஸ்பெனின் ஃப்ளாஷில் இதற்கு ஓர் உள்ளீடு உண்டு, ஆனால் அது கேட்பது திரவத்தின் பின்னத்தை. 4,750 கிலோவில் 0.1% என்பது 250 கிலோ அடர்நீரில் 0.019. அங்கே 0.001 என்று போட்டால் துளியைப் பத்தொன்பதில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகிறீர்கள்.

கடைசியாக ஆய்வக வடிப்பு. இரண்டு லிட்டர் உண்மையான நீரைக் கண்ணாடிக் குடுவையில் வடித்து, கண்டன்சேட்டை ஒரே பாத்திரத்தில் சேர்க்காமல் பத்துப் பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குளோரைடும் சல்ஃபேட்டும் அளந்து, குடுவையின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபுளோரைடு இருந்தால் கண்ணாடி வேண்டாம், பிடிஎஃப்இ குடுவை. இது தொகுதி வடிப்பு; குடுவையில் அடர்த்தி மெல்ல ஏறும். ஆகவே சராசரியை ஒற்றை எஃபெக்ட் சிமுலேஷனோடு ஒப்பிட வேண்டாம். கடைசிப் பங்கின் எண்ணை 20% அமிலத்தில் ஓடும் எஃபெக்டோடு ஒப்பிடுங்கள். அங்கே சிமுலேஷன் இரண்டு மடங்குக்குமேல் விலகினால் ஜோடித் தரவை மறுபடி திறக்க வேண்டும்.

இவ்வளவும் ஏன், முதலிலேயே காஸ்டிக்கால் நடுநிலையாக்கிவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. மாதிரி ஓடைக்கு மணிக்கு 52 கிலோ காஸ்டிக், நாளுக்கு 1.25 டன், கையாள வேண்டிய உப்பு மணிக்கு 88 கிலோ. ஆவியில் அமிலம் என்ற கேள்வி மறைந்துவிடும். சிமுலேஷனுக்கு எக்செலும் பிட்சர் கோப்புமே போதும். மீட்கப்படும் 20% அமிலத்துக்கு ஆலைக்குள்ளேயே வேலை இருந்தால் இந்த வழி கட்டாது. இல்லை என்றால், லைசென்ஸ் வாங்குமுன் காஸ்டிக், உப்பு அகற்றல் இரண்டின் ஆண்டுச் செலவைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.